பால்கனில தொங்குற பிவிசி பைப்பும் கேட்டுல எரியுற நெருப்பும்

போன வருஷம் தீபாவளி முடிஞ்ச வாரம், டெல்லி ஆர்.கே.புரத்துல எங்க வீட்டு பால்கனில 3 இன்ச் பிவிசி எல்போ ரெண்ட ஒண்ணா சொருகி வாய் கீழ பாக்குற மாதிரி கட்டி தொங்க விட்டேன். வர்றவங்க எல்லாம் பாத்ரூம் லைன் லீக்கான்னு கேக்குறாங்க. உள்ள இருக்கறது எஸ்டிஎஸ்011ன்னு ஒரு தூசி சென்சார், ரீடிங்க வைஃபைல அனுப்ப ஒரு இஎஸ்பி8266 போர்டு, ஈரப்பதம் பாக்க ஒரு பிஎம்இ280, அவ்ளோதான். செங்கோட்டைக்கு எதிர்ல லாஜ்பத் ராய் மார்க்கெட்ல பாதி, ஆன்லைன்ல பாதின்னு வாங்கி 4,000 ரூபாய்க்குள்ள முடிச்சேன். ஜெர்மனில ஸ்டுட்கார்ட்ல 2015ல சில பேர் ஆரம்பிச்ச திட்டம் இது, இப்ப பேரு சென்சார் கம்யூனிட்டி, போர்ட ஓட்டுற சாஃப்ட்வேர் (ஃபர்ம்வேர்) அவங்களே ஃப்ரீயா குடுக்கறாங்க, ஏத்திட்டா ரெண்டரை நிமிஷத்துக்கு ஒரு ரீடிங் உலக மேப்ல ஒரு அறுகோணத்துல போய் உக்காந்துக்கும். அந்த போர்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைய மட்டும்தான் புடிக்கும்னு தெரியாம ஒரு சாயங்காலம் முழுக்க ரவுட்டரோட மல்லு கட்டினது தனிக் கதை.

"டெல்லி காத்து கெட்டுக் கெடக்குன்னு தெரிஞ்சுக்க நாலாயிரம் எதுக்குடா, மூக்கு பத்தாதா?"ன்னு அம்மா கேட்டாங்க. கும்பகோணத்துலேர்ந்து வந்து ஒரு மாசம் இருந்தாங்க அப்ப. பதில் இல்ல என்கிட்ட.

முதல் ஜனவரிலயே மானம் போச்சு. ஒரு நாள் காலைல எழுந்து பாத்தா பிஎம் 2.5ங்கற நுண்தூசி அளவு 900ஐ தாண்டிருக்கு, உடனே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஃபேமிலி க்ரூப்ல போட்டு "இதுதான் நாங்க சுவாசிக்கறது"ன்னு வசனம் வேற. சென்னைல இருக்கற மச்சான், 'சமீர்'ன்னு காத்து மாசு காட்டுற கவர்மென்ட் ஆப்ப தொறந்து, உங்க ஏரியா மாசு அளக்கற ஸ்டேஷன்ல இவ்ளோ இல்லயே மாப்ளன்னு கேட்டதும்தான் உக்காந்து யோசிச்சேன். ரெண்டு கோளாறு. ஒண்ணு, ஆப் காட்டுறது ஏக்யூஐ, அதாவது காத்து எவ்ளோ மோசம்னு சொல்ற குறியீட்டு எண், அதுவும் 24 மணி நேர சராசரில கணக்கு போட்டது, நான் காட்டுறது ஒரு கனமீட்டர் காத்துல அந்த நிமிஷம் எத்தன மைக்ரோகிராம் தூசின்னு, ரெண்டும் வேற வேற. நம்ம நாட்டு கணக்குல 60 மைக்ரோகிராம்னா ஏக்யூஐ 100, 120 ஆனாலே 300. இன்னொண்ணுதான் பெரிசு: அன்னிக்கு வெளிய மூடுபனி, எதிர் ப்ளாக் கூட தெரியல. என் சென்சார் தூசிய எடை போடாது, லேசர் அடிச்சு எவ்ளோ வெளிச்சம் சிதறுதுன்னு பாத்து கணக்கு பண்ணும், அவ்ளோதான். ஈரம் 70 சதவீதத்த தாண்டுச்சுன்னா தூசி தண்ணிய குடிச்சு ஊறின கொண்டக்கடல மாதிரி உப்பிடும், பனித்துளியும் கூட சேந்துக்கும், சென்சாருக்கு எல்லாமே தூசி. பெரிய ஸ்டேஷன்ல காத்த முதல்ல சூடு பண்ணி காய வெச்சு, ஒரு ஃபில்டர் டேப்ல படிய விட்டு, பீட்டா கதிர் எவ்ளோ தடுக்குதுன்னு பாத்து எடை சொல்லுவாங்க. அந்த மெஷின் லட்சக்கணக்குல விலை, என் பைப்ப அதோட நிக்க வெச்சது என் தப்பு.

மே மாசம் நேர் தலைகீழ். ஆந்தின்னு இங்க சொல்ற புழுதிப் புயல் அடிச்சுது, பால்கனி தரைல கால் வெச்சா மணல் நறநறங்குது, துணியெல்லாம் பழுப்பு, இது என்னடான்னா ஒண்ணும் நடக்காத மாதிரி சுமாரா ஒரு நம்பர் காட்டிட்டு இருக்கு. பருமனான மண் தூசி இதுக்கு சரியா சிக்காதாம். பனிக்கு அலறும், புழுதிக்கு தூங்கும். அதுக்கப்புறம் நம்பர பாக்கறதையே விட்டுட்டு க்ராஃப் கோட்ட மட்டும் பாக்க ஆரம்பிச்சேன், எப்ப ஏறுது, எப்ப எறங்குது, அவ்ளோதான். ராத்திரி எட்டேகாலுக்கு ஒரு ஊசி மாதிரி ஏறி பத்து நிமிஷத்துல எறங்கும், அது எங்க வீட்டு மொளகா தாளிப்பு, அடுப்படி ஜன்னல் பக்கத்துலயே பைப்ப கட்டின என் புத்திசாலித்தனம். எடத்த மாத்தினேன்.

இந்த டிசம்பர்லதான் அது வந்துச்சு. நைட் ஒண்ணரைலேர்ந்து நாலு வரைக்கும் ஒரு மேடு, டெய்லி, ஈரம் கம்மியா இருந்த நாள்லயும். ஆர்.கே.புரம் ஸ்டேஷன்ல மணிக்கு மணி டேட்டா எடுத்து பக்கத்துல வெச்சு பாத்தா அங்க அந்த மேடு இல்ல. அப்ப ஊரு காத்து இல்ல, நம்ம தெருவுலதான் என்னமோ நடக்குது. ஒரு நாள் ரெண்டு மணிக்கு சால்வைய சுத்திட்டு கீழ போனேன். கேட்டுகிட்ட நம்ம வாட்ச்மேன் தகர டின்ல ப்ளைவுட் துண்டு, காஞ்ச எல, கிழிஞ்ச செருப்பு ஒண்ணு எல்லாத்தயும் போட்டு எரிச்சுட்டு கைய நீட்டி உக்காந்திருந்தார். பீகார்ல தர்பங்கா பக்கத்துக்காரர், அறுபது வயசு இருக்கும். "வாங்க சார், உக்காருங்க"ன்னு ஸ்டூல தள்ளினார். என்ன சொல்றதுன்னே தெரியல, நானும் கைய நீட்டிட்டேன், அப்படி ஒரு குளிரு.

டெல்லில மாசு ஜாஸ்தி ஆனா க்ராப் (GRAP)னு ஒரு கட்டுப்பாடு வரும்ல, அதுலயே இருக்கு, வாட்ச்மேனுக்கு எலக்ட்ரிக் ஹீட்டர் குடுக்கணும்னு. எங்க அசோசியேஷன்ல க்ராஃப காட்டினேன், ஒருத்தருக்கும் புரியல, செருப்பு எரியுதுன்னு சொன்னதும் புரிஞ்சுது. வீட்டுக்கு நூறு ரூபா போட்டு ஹீட்டர் வாங்கினோம். மறுநாள் ராத்திரி மேடு இல்ல! காலைல ஆஃபீஸ்ல ரெண்டு பேர்கிட்ட போன எடுத்து காட்டிட்டேன், அடக்க முடியல.

முந்தாநாள் திரும்ப வந்துச்சு. அதே ஒண்ணரை மணி. ஜன்னல்ல எட்டிப் பாத்தா கேட் லைட்டு எரியல, டின்னு எரியுது. ஹீட்டர் லோடு தாங்காம அந்த லைன் எம்சிபி, அதாவது லோடு ஏறினா தானா கட் ஆகுற ஸ்விட்ச், ட்ரிப் ஆயிருக்கு. எலக்ட்ரீஷியன் ஞாயித்துக்கெழம வர்றேன்னு சொல்லிருக்கார்.