வாசிசெக்கா, சி.ஐ.ஆரா? டிரஷரி பில் தரவோடு ஓர் ஒப்பீடு

முதுகலை ப்ராஜெக்ட்டுக்கு, வட்டி எப்படி மாறும் என்று விவரிக்கும் கணித மாதிரிகளை ஒப்பிடலாம் என்று முடிவானதும், அமெரிக்காவின் மூன்று மாத டிரஷரி பில் (அரசின் குறுகிய காலக் கடன் பத்திரம்) வட்டியை எடுத்துக்கொண்டேன். 1934 முதல் மாதவாரியான தரவு இலவசமாகவே கிடைக்கிறது. வட்டி 16 சதவீதத்தைத் தாண்டிய 1981-உம் அதில் இருக்கிறது, பூஜ்யத்தை ஒட்டியே கிடந்த ஆண்டுகளும் இருக்கின்றன.

1977-இல் வந்த வாசிசெக் மாதிரியிலும், 1985-இல் காக்ஸ், இங்கர்சால், ராஸ் மூவரும் தந்த சி.ஐ.ஆர் மாதிரியிலும் வட்டி ஒரு நீண்டகாலச் சராசரியை நோக்கி இழுக்கப்படும். வாசிசெக்கில் ஏற்ற இறக்கத்தின் அளவு மாறாது. சி.ஐ.ஆரில் அது வட்டியின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதனால் வட்டி மைனஸுக்குப் போகாது. இதை ஒரு பெரிய பலமாகச் சொல்வார்கள். 2014-இல் ஐரோப்பிய மத்திய வங்கி டெபாசிட் வட்டியை மைனஸ் 0.10 சதவீதமாக்கிய பிறகு, யூரோ வட்டிக்கு அதைப் பலம் என்று சொல்ல முடியாது.

ஏற்ற இறக்கம் வட்டியின் எந்த அடுக்கைப் பொறுத்தது? வர்க்கமூலம் என்றால் அடுக்கு 0.5. அதுதான் சரியா என்று பார்க்க, அடுக்கையும் தரவே சொல்லட்டும் என்று விட்டேன். 1992-இல் சான், கரோலி, லாங்ஸ்டாஃப், சாண்டர்ஸ் செய்த புகழ்பெற்ற ஒப்பீட்டில் அடுக்கு 1.5-ஐ ஒட்டி வந்திருந்தது. எனக்கும் பெரிதாகவே வந்தது. ஆனால் 1979 முதல் 1982 வரையிலான மாதங்களை நீக்கியதும் நன்றாக இறங்கிவிட்டது. வோல்க்கர் தலைமையில் அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வட்டியை விட்டுவிட்டுப் பண அளவைக் கட்டுப்படுத்திய காலம் அது. அந்த மூன்று ஆண்டுகள் போதும், எந்த மாதிரி ஜெயிக்கும் என்பதையே மாற்றிவிடும்.

உண்மையான சிக்கல் சராசரிக்குத் திரும்பும் வேகத்தில். வேகம் ஆண்டுக்கு 0.2 என்றால், விலகல் பாதியாகக் குறையவே சுமார் மூன்றரை ஆண்டு ஆகும். பத்தாண்டுத் தரவில் அப்படி மூன்று சுற்றுகூட முழுதாக வராது. மாதத் தரவுக்குப் பதில் தினசரித் தரவு எடுத்தாலும் இதற்கு உதவாது. வேண்டியது நீண்ட காலம், நெருக்கமான புள்ளிகள் அல்ல. இதே வேலையில் இறங்குபவர்கள் ஒன்று செய்யுங்கள்: வேகத்தை நீங்களே நிர்ணயித்து, கணினியில் செயற்கைத் தரவு உருவாக்கி, அதிலிருந்து திரும்ப மதிப்பிட்டுப் பாருங்கள். மதிப்பீடு சராசரியாக உண்மையைவிட அதிகமாகவே வரும். இரண்டு மாதிரியிலும் எனக்கு அப்படித்தான் வந்தது.

இந்தச் சோதனையைக் காட்டிய பிறகே வழிகாட்டிப் பேராசிரியர் என் மதிப்பீடுகளின் அட்டவணையை ஏற்றார். வேகத்துக்கு நேராக ஒற்றை எண் போடாமல், கீழ் எல்லையும் மேல் எல்லையும் போட்டுக் கொடுத்தேன்.