ஏ-ஆர்ம் வளையட்டும், பல்க்ஹெட் தப்பட்டும்

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரெவெல்ஸ்டோக் பகுதியில் பனி எப்படிக் கொட்டும் என்பதற்கு ஒரு சான்று போதும்: ஊருக்கு அருகிலுள்ள மவுண்ட் கோப்லண்டில் 1971–72 குளிர்காலத்தில் 24 மீட்டருக்கும் மேல் பனி பெய்தது. ஆயினும் பனியில் ஓடும் வண்டியான ஸ்னோமொபைலின் முன்பகுதி பெரும்பாலும் அடிபடுவது அவ்வளவு பனி சேர்வதற்கு முன்புதான். பருவத்தின் தொடக்கத்தில், வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளையும் பாறைகளையும் கண்ணுக்கு மறைக்கும் அளவுக்கு மட்டும் பனி மூடியிருக்கும் நாட்களில், வண்டியின் முன்னே சறுக்கிச் செல்லும் ஸ்கீ எதிலாவது போய் மோதி, அதை வண்டியோடு இணைக்கும் ஏ (A) வடிவக் குழாய்ச் சட்டங்களில் கீழே இருக்கும் ஏ-ஆர்ம் வளைந்துவிடுகிறது. பவுல்டர் மலையில் என் வண்டியின் இடப்பக்கக் கீழ் ஆர்ம் அப்படித்தான் வளைந்தது. அதை மாற்றும் வேலையோடு மற்ற ஆர்ம்களையும் கழற்றிப் பார்த்து, வலுப்படுத்த வேண்டிய இடங்களை வலுப்படுத்தினேன்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக முடிவு செய்துகொள்ள வேண்டும். பலமான அடி விழும்போது எந்த உறுப்பு முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும்? என் பதில் ஏ-ஆர்ம்தான். வளைந்த ஆர்மைக் கராஜிலேயே ஒரு மாலைப் பொழுதில் மாற்றிவிடலாம். ஆர்ம் அசையாமல் நின்று, அந்த அடியை அது பொருந்தியிருக்கும் பல்க்ஹெட், அதாவது வண்டியின் முன்பக்கச் சட்டகம், வாங்கிக்கொண்டால், ரிவெட்டுகளைத் துளைத்தெடுத்து, பல வண்டிகளில் எஞ்சினையும் இறக்கி, முன்பகுதியையே பிரிக்க வேண்டியிருக்கும். ஆகவே வலுப்படுத்துதல் என்பது அன்றாடக் குதிப்புகளையும் சிறு மோதல்களையும் ஆர்ம் தாங்கும்படி செய்வதாக இருக்க வேண்டுமே தவிர, அதை எதற்கும் வளையாத இரும்புத் தூணாக மாற்றுவதாக இருக்கக் கூடாது. மின்சுற்றில் ஃபியூஸ் செய்யும் வேலையை இங்கே ஆர்ம் செய்கிறது.

அடி எந்த வழியாகச் செல்கிறது என்று பார்த்தால் எங்கே வலு சேர்ப்பது என்பது தானாகவே புரியும். ஸ்கீ ஏதாவது ஒன்றில் மோதிப் பின்னோக்கித் தள்ளப்படும்போது, கீழ் ஆர்மின் முன்குழாய் இழுபடுகிறது, பின்குழாய் அமுக்கப்படுகிறது. நீளமான மெல்லிய குழாய் இழுவையை எளிதில் தாங்கும், அமுக்கத்தில் நடுவே பிதுங்கி மடியும். உயரத்திலிருந்து குதித்து இறங்கும்போது வேறு விதமான சுமை வருகிறது. ஷாக் அப்சார்பர் கீழ் ஆர்மில் பொருந்தும் வண்டிகளில், அதைப் பிடிக்கும் பிராக்கெட் இருக்கும் இடத்தில் ஆர்ம் கீழ்நோக்கி வளைய முற்படும். இந்த இரண்டு இடங்களையும் கவனித்தால் போதும். மேல் ஆர்மை நான் வலுப்படுத்தவேயில்லை.

பொருளைப் பற்றிப் பலர் தவறாக நினைப்பது ஒன்றுண்டு. 4130 என்ற குரோமோலி எஃகில் செய்த ஆர்ம், அதே அளவுள்ள மைல்ட் ஸ்டீல் ஆர்மைவிட விறைப்பானது அன்று. எஃகு எதுவானாலும் அதன் மீள்தன்மைக் குணகம் ஏறக்குறைய 200 கிகாபாஸ்கல்தான். குரோமோலி தருவது நிரந்தரமாக வளைவதற்கு முன் தாங்கும் கூடுதல் வலிமையை. விறைப்பு வேண்டுமென்றால் குழாயின் விட்டத்தைக் கூட்ட வேண்டும்: ஒன்றரை மில்லிமீட்டர் சுவருள்ள 22 மி.மீ. குழாய்க்குப் பதிலாக அதே சுவருடன் 25 மி.மீ. குழாயைப் போட்டால், எடை ஏழில் ஒரு பங்கு கூடும், வளைவை எதிர்க்கும் விறைப்போ ஒன்றரை மடங்காகும். மலை வண்டியில் முன்பக்கம் கூடும் ஒவ்வொரு நூறு கிராமும் ஆழப் பனியில் தெரியும் என்பதால் இந்தக் கணக்கை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பழைய ஆர்மிலேயே தகடு வைத்து வெல்டிங் செய்வதாக இருந்தால், முதலில் ஆர்மின் ஸ்கீப் பக்க முனையிலுள்ள உருண்டை மூட்டான பால் ஜாயின்டையும், மறுமுனையிலுள்ள பிளாஸ்டிக் உறைகளான புஷ்களையும் கழற்றிவிட வேண்டும். சூடு பட்டால் உள்ளிருக்கும் பிளாஸ்டிக்கும் கிரீஸும் கெட்டுவிடும். பவுடர் கோட்டிங்கை உலோகம் பளிச்சிடும் வரை தேய்த்து எடுத்து, ஆர்ம் முறுக்கிக்கொள்ளாதபடி ஜிக் எனும் பிடிப்புச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கிய பிறகே டிக் (TIG) வெல்டிங்கைத் தொடங்க வேண்டும். வலுத்தகட்டின் நுனிகளைக் கூராகச் சரித்து வெட்டி, வெல்டிங் குழாயின் நீளவாக்கிலேயே ஓடும்படி செய்கிறேன். குழாயைக் குறுக்கே சுற்றி வெல்டிங் ஓடினால், அந்தக் கோட்டின் ஓரத்திலேயே பின்னாளில் விரிசல் விழும். குரோமோலியாக இருந்தால் தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்கவே கூடாது. காற்றோட்டமில்லாத இடத்தில் தானாக ஆறவிட வேண்டும். அவசரமாகக் குளிர்ந்தால் வெல்டிங்கை ஒட்டிய பகுதி இறுகி, நொறுங்கும் தன்மை பெற்றுவிடும்.

மாட்டும் வேலையில் பெரும்பாலானவை நேரடியானவை. நான் அதிக நேரம் செலவிடுவது பல்க்ஹெட்டோடு ஆர்ம் சேரும் சுழல் மூட்டான பிவட்டில். அங்கே பிளாஸ்டிக் புஷ், அதற்குள் எஃகு ஸ்லீவ், அதற்குள் போல்ட் என்று மூன்று அடுக்குகள் உள்ளன. போல்ட்டை இறுக்கும்போது ஸ்லீவ் மட்டும் இறுகி நிற்க வேண்டும், அதைச் சுற்றி ஆர்ம் சுழல வேண்டும். அதற்கு ஸ்லீவ் குழாயைவிட மயிரிழை நீளமாக இருக்க வேண்டும். குழாயின் முனையில் புதிய பவுடர் கோட்டிங் படிந்திருந்தால் அந்த இடைவெளி அடைபட்டு ஆர்ம் பிடித்துக்கொள்ளும். ஷாக்கை மாட்டாமல், டார்க் ரெஞ்சால் சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவுக்கு போல்ட்டை இறுக்கிவிட்டு, ஆர்மைத் தூக்கிக் கைவிட்டுப் பாருங்கள்: தன் எடையிலேயே விழ வேண்டும். விழவில்லையென்றால் கழற்றி முனையைத் தேய்த்து மீண்டும் மாட்ட வேண்டும். நைலான் பூட்டு நட்டுகளுக்குப் புதியவற்றையே போட வேண்டும்.

நீளம் மாறிய ஆர்ம் வாங்குவோர் ஹேண்டில்பாரின் திருப்பத்தை ஸ்கீக்குக் கடத்தும் தண்டான டை ராடையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பாதையில் ஓட்டும் டிரெயில் வண்டிகளில் இரு ஸ்கீகளுக்கு இடையேயான இடைவெளி 42 அங்குலத்தை ஒட்டியிருக்க, மலை வண்டிகளில் 36 அங்குலம் அளவில் குறுக்கி வைத்திருப்பது, சரிவில் வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து ஓட்டுவது எளிதாக வேண்டும் என்பதற்காக. அந்த இடைவெளியை மாற்றிவிட்டு டை ராடின் வீச்சு ஆர்மின் வீச்சோடு ஒத்துப்போகாமல் விட்டால், சஸ்பென்ஷன் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் ஸ்கீ தானாகத் திரும்பும்.

கடைசியாக அலைன்மென்ட். ஹேண்டில்பாரை நேராக வைத்து, ஸ்கீ முனைகளை ரப்பர் கயிற்றால் உள்நோக்கி இழுத்து மூட்டுகளின் தளர்வை நீக்கி, வண்டியை உந்தும் பட்டையான டிராக்கின் ஓரமாக ஒரு நேரான சட்டத்தை வைத்து அளக்கிறேன். பொதுவாக ஸ்கீகளின் முன்பக்கம் பின்பக்கத்தைவிட மொத்தமாக 3 முதல் 6 மி.மீ. வரை விரிந்திருக்கலாம், உள்நோக்கிக் குவிந்திருந்தால் வண்டி பாதையில் இங்கும் அங்கும் அலையும். அளவு சரியானதும் டை ராடின் பூட்டு நட்டுகளை இறுக்கி, ஒவ்வொன்றின் மீதும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுகிறேன். முதல் ஓட்டம் முடிந்து வண்டியைக் கழுவும்போது அந்தக் கோடுகள் விலகியிருக்கின்றனவா என்று பார்த்து, பிவட் போல்ட்டுகளையும் மறுபடி டார்க் ரெஞ்சால் சரிபார்த்த பிறகே அடுத்த பயணத்துக்கு வண்டியை டிரெய்லரில் ஏற்றுகிறேன்.