30 சென்டிமீட்டரில் ஒரு சம்ராட் யந்திரம்

ஜெய்ப்பூருக்கு வேலை மாறி வந்த பிறகு ஜந்தர் மந்தர் என்ற பழைய வானாய்வுக்கூடத்துக்கு நாலு தடவை போய்விட்டேன், நாலு தடவையும் அதிக நேரம் நின்றது அங்குள்ள ராட்சத சூரியக் கடிகாரமான பெரிய சம்ராட் யந்திரத்தின் அடியில்தான். அந்தச் சரிவுச் சுவரின் நிழல் பக்கத்து வளைவில் நொடிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது, கண்ணெதிரே பார்க்கலாம். அதையே மொட்டை மாடியில் சின்னதாகச் செய்து பார்த்தேன்.

12 மி.மீ. பிளைவுட்டில் 27 பாகை சரிவுள்ள முக்கோணம். ஜெய்ப்பூரின் அட்சரேகை ஏறக்குறைய அதுதான், அதனால் சரிவு விளிம்பு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கும். இரண்டு பக்கமும் 30 செ.மீ. ஆரத்தில் கால்வட்டம். அதில் நிழல் நகர்வது ஒரு மணிக்கு 7.85 செ.மீ., நிமிடத்துக்கு 1.3 மி.மீ.

முதல் வாரம் வீண். இரண்டு கால்வட்டங்களையும் பலகையின் நடுவை மையமாக வைத்து ஒரே அரைவட்டமாக வரைந்துவிட்டேன், நண்பகலை நெருங்க நெருங்க நாலைந்து நிமிடம் பிசகியது. காலையில் நிழலை விழவைப்பது மேற்கு விளிம்பு, மாலையில் கிழக்கு விளிம்பு, ஆகவே வளைவுக்கு வளைவு மையம் வேறு. அப்புறம் திசை. போன் காம்பஸ் மாடிக் கம்பிகளுக்குப் பக்கத்தில் இடத்துக்கொரு வடக்கு காட்டியது. பழைய சங்கு முறைக்குப் போனேன்: ரசமட்டம் பார்த்த பலகையில் செங்குத்தாக ஒரு குச்சி, அதைச் சுற்றி வட்டம், காலையில் நிழல் நுனி வட்டத்துக்குள் நுழையும் இடம், பிற்பகலில் வெளியேறும் இடம், இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்குக் கோடு.

பெரிய பாடம் நிழலின் ஓரத்தில்தான் கிடைத்தது. சூரியன் புள்ளி இல்லை, அரைப் பாகை அகலமுள்ள தட்டு, அதனால் ஓரம் மங்கலாக 3 மி.மீ. வரை பரவி நிற்கிறது, அதாவது இரண்டு நிமிடம். யந்திரத்தைப் பெரிதாக்கினால் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகாது. சுமார் 15 மீட்டர் ஆரமுள்ள ஜெய்ப்பூர் வளைவில் மங்கலும் 14 செ.மீ. ஆகிவிடுகிறது. வழி நூலில் இருக்கிறது: தையல் நூலை விளிம்புக்கு இணையாக இழுத்துப் பிடித்து, வளைவுக்கு ஒரு செ.மீ. மேலே மெல்ல நகர்த்தினால், நூலின் நிழல் மங்கலுக்குள் கரைந்து மறையும் இடம் ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் வருகிறது. பெரிய யந்திரத்தையும் இப்படித்தான் படிக்க வேண்டும். நூல் காட்டும் அந்த இடத்தை நொடிக் கணக்கில் குறிக்கப் போதுமான இடம் தருவதுதான் அங்கே கல்லின் வேலை.

இதைச் செய்த பிறகுதான் ஜந்தர் மந்தரைக் கட்டிய மன்னர் சவாய் ஜெய்சிங் ஏன் பித்தளையைக் கைவிட்டார் என்பது கைக்கே புரிந்தது. சின்னக் கருவியில் நிமிடக் கோடு பிரிக்க இடமில்லை, அச்சு தேய்கிறது, மையம் நகர்கிறது என்று தன் வானியல் அட்டவணை நூலான 'ஜீஜ்-இ-முகம்மது ஷாஹி'யின் முன்னுரையிலேயே சொல்கிறார். டில்லியில் கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டியவர், அங்கே எடுத்த அளவு சரிதானா என்று பார்க்கவே ஜெய்ப்பூர், மதுரா, காசி, உஜ்ஜைனியிலும் கட்டினார். தன் அளவைத் தானே சந்தேகப்பட்டு இன்னும் நாலு ஊரில் கட்டிய அரசர் என்பதுதான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது.

பிப்ரவரி 11, கடைசிச் சோதனை. யந்திரம் 10:22. இந்திய நேரத்துக்கு மாற்ற, ஜெய்ப்பூரின் தீர்க்கரேகைக்கு 27 நிமிடம், அன்று சூரியன் கடிகாரத்துக்குப் பின்தங்குவதற்கு 14, ஆக 41 கூட்டினால் 11:03. போனில் 11:02.

அடுத்து ஜந்தர் மந்தரின் இன்னொரு யந்திரமான ஜெய்ப்பிரகாஷ். அரைக்கோளக் கிண்ணத்துக்கு ஒரு பழைய இரும்புச் சட்டி எடுத்து வைத்திருக்கிறேன்.