ஆயில் சீலும் ஆக்சிலும்

வேளச்சேரியில் மழைநீர் தேங்கும் எங்கள் தெருவில் பல ஆண்டுகளாக ஓடிவரும் என் காரில், ஸ்டியரிங்கை முழுவதுமாக ஒடித்துத் திருப்பும்போதெல்லாம் இடது முன்சக்கரத்திலிருந்து 'டக் டக்' என்ற ஓசை எழத் தொடங்கியது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது, சக்கரம் எப்பக்கம் திரும்பினாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டான வெளிப்பக்கச் சி.வி. ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் உறை, அதாவது பூட், ஒரு மடிப்பில் விரல் நுழையும் அளவுக்குக் கிழிந்திருந்தது. உள்ளிருந்த கறுப்பு கிரீஸ் ரிம்மின் உட்புறமெங்கும் அப்பியிருக்க, மிஞ்சியதை விரலால் தேய்த்தால் மணல் நறநறத்தது. ஓசை வருமளவுக்கு ஜாயிண்டுக்குள் குண்டுகள் ஓடும் பள்ளங்கள் தேய்ந்த பிறகு பூட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை என்பதால், வாகன உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் புதிய ஆக்சில் வாங்கினேன்; கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும், இரு முனையிலும் ஜாயிண்ட் உள்ள தண்டு அது.

ஆக்சில் நட்டைக் கார் தரையில் நிற்கும்போதே, தம்பி பிரேக்கை மிதித்துக்கொள்ள, தானாகக் கழலாமலிருக்க நசுக்கிவிடப்பட்ட அதன் விளிம்பை நிமிர்த்திவிட்டுத் தளர்த்தினேன். பிறகு காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, கியர் ஆயிலை வடித்தேன். சக்கரம் பொருந்தும் நடுப்பகுதியான ஹப்பைக் கீழிருந்து பிடித்திருக்கும் பால் ஜாயிண்டைப் பிரித்து, ஹப்பை வெளிப்பக்கம் சாய்த்ததும் வெளிமுனை எளிதாக வந்துவிட்டது. உள்முனைக்குத்தான் பொறுமை வேண்டும். தண்டைப் பிடித்து இழுத்தால் உள் ஜாயிண்ட் பிரிந்துவிடும். கியர்பாக்ஸுக்கும் ஜாயிண்டுக்கும் இடையே கடப்பாரை போன்ற நெம்புகோலைக் கொடுத்து ஒரே உந்தாக உந்தினால்தான், ஆக்சிலை உள்ளே பிடித்திருக்கும் கம்பி வளையமான சர்க்ளிப் விடும்.

இந்த வேலையில் பலரும் கவனிக்காமல் விடுவது, ஆக்சில் கியர்பாக்ஸுக்குள் நுழையும் இடத்தில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலை. பார்வைக்கு நன்றாகவே இருந்த என் பழைய சீலின் உதட்டை, அதாவது ஆக்சிலைத் தழுவும் உள்விளிம்பை, நகத்தால் அழுத்தினேன்; ரப்பருக்குரிய மென்மை போய்ப் பிளாஸ்டிக்கைப்போல் இறுகியிருந்தது. கியர்பாக்ஸுக்குள் இருக்கும் எண்ணெய்க்கு இந்தச் சிறு வளையம்தான் காவல் என்பதால், ஆக்சில் வெளியே வந்திருக்கும்போதே அதை மாற்றிவிடுவதுதான் சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன். புதிய சீலைச் சாயாமல் அடித்து இறக்கி, உதட்டில் கியர் ஆயில் தடவினேன். ஆக்சிலின் பல்வரிசை அந்த உதட்டைக் கீறாதபடி இரு கைகளாலும் தாங்கி நேராகச் செலுத்த, சர்க்ளிப் 'டப்' என்று உட்கார்ந்தது. ஜாயிண்டின் உடலைக் கையால் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

புதிய நட்டைப் போட்டு இறுக்கும் முன் காரின் எடையைச் சக்கரத்தில் இறக்கி உருட்டினால் பேரிங் கெடும். ஆகவே முதலில் ஓரளவு இறுக்கி, கீழே இறக்கியபின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடித்து, விளிம்பை நசுக்கினேன். பிறகு சமதரையில் கியர் ஆயிலை நிரப்பினேன். வலப்பக்கப் பூட்டிலும் நுண்ணிய வெடிப்புகள் தெரிகின்றன. இன்னும் கிழியவில்லை என்பதால், அடுத்த மழைக்காலத்துக்கு முன் அங்கே பூட்டையும் சீலையும் மாற்றுவதாக இருக்கிறேன்.