மரக் கரண்டி

பிப்ரவரி 4, செவ்வாய்
இவர் காபியைத் தள்ளி வைத்துவிட்டார். "இரும்பைச் சப்புற மாதிரி இருக்கு."

பிப்ரவரி 5
கம்போ வேண்டுமாம், லூசியானா பக்கத்துக் கெட்டிக் குழம்பு. ஹூஸ்டனுக்கு வந்த புதிதில் ப்ரென்னன்ஸ் உணவகத்தில் சாப்பிட்டது. அப்புறம் நான் எந்தக் குழம்பு வைத்தாலும் அந்தப் பேச்சுதான். வீட்டிலேயே செய்துவிடலாம் என்று எண்ணெயில் மாவைப் போட்டேன். மணல் நிறம், செங்கல் நிறம், அப்புறம் சாக்லேட் நிறம் வரும்வரை கையை எடுக்கக் கூடாது. நாற்பது நிமிஷம் கிளறியிருப்பேன். போன் அடித்தது. ஆஸ்பத்திரியாக இருக்குமோ என்று ஓடினேன். இல்லை. திரும்பி வந்தால் சட்டியில் கறுப்புப் புள்ளிகள். ரூ, அதாவது எண்ணெயில் வறுக்கிற இந்த மாவு, கொஞ்சம் தீய்ந்தாலும் முழுசும் கசந்துவிடும். கொட்டிவிட்டேன்.

பிப்ரவரி 6
ப்ரென்னன்ஸில் சனிக்கிழமை ஏழு மணிக்கு மேஜை கிடைத்தது.

பிப்ரவரி 7, வெள்ளி
ஸ்கேன் முடிந்தது. முடிவு திங்கள்.

பிப்ரவரி 8, நள்ளிரவு
ஸ்மித் தெருவில் அதே செங்கல் கட்டடம். 1967இல் தொடங்கிய உணவகம். 2008இல் ஐக் புயல் இரவில் தீப்பிடித்தது, 2010இல்தான் மறுபடி திறந்தார்கள். கிட்டத்தட்ட ஒன்றரை வருடம். டாக்டர் வாயிலும் அந்த எண்தான் வந்தது.

சாம்பல் நிறக் கோட் இவர் தோளில் தொங்கியது. வெள்ளை அணு குறைவு, வேகாத சிப்பி ஆகாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். வாயில் இரும்பு ருசி தட்டாமலிருக்கக் கொண்டுபோன மரக் கரண்டியைக் கைப்பையிலிருந்து எடுக்கக் கூச்சமாக இருந்தது. பரிமாறுகிறவர் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. இவர் முன்னாலிருந்த ஸ்பூனை எடுத்துவிட்டு, மரக் கரண்டியை அந்த இடத்தில் நேராக வைத்தார். அந்தக் கைகளை மறக்க மாட்டேன்.

கம்போ கரும்பழுப்பு, ஓரத்தில் எண்ணெய் மினுக்கம், நடுவில் ஒரு பிடி சோறு. வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றும் கரைந்தே போயிருந்தன. முதல் வாயை விழுங்காமல் வைத்திருந்தார். நான் என் கிண்ணத்தைத் தொடவில்லை.

"புகை வாசனை தெரியுது."

ருசி என்று சொல்லவில்லை. வாசனை. ஏழு வாய் சாப்பிட்டார், எண்ணினேன்.

பக்கத்து மேஜையில் பனானாஸ் ஃபாஸ்டர். வெண்ணெயும் சர்க்கரையும் உருகிய வாழைப்பழத்தில் ரம் ஊற்றிக் கொளுத்தினார்கள். பட்டைத் தூளைத் தூவியதும் தீயில் பொறி பறந்தது. இவர் உடம்பையே திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை மாதமாயிற்று, இவர் எதையாவது இப்படிப் பார்த்து!

பிப்ரவரி 9
பாதிக் காபி குடித்தார். எப்படி இருக்கிறது என்று கேட்கப் பயம்.

போனை அணைத்துவிட்டு மறுபடி ரூ கிளறினேன். தீயவில்லை.

பிப்ரவரி 10
பத்தரைக்குக் கூப்பிடுவார்கள். மரக் கரண்டியைக் கழுவி ஜன்னலோரம் காய வைத்திருக்கிறேன். பத்தே கால்.