எங்கள் அச்சகத்துக்கு நாங்களே கேமரா போட்ட கதை

ஆறு ரீம் ஆர்ட் பேப்பர் காணாமல் போன அன்றுதான், அச்சகத்தில் ஏற்கெனவே இருந்த கேமராவால் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தது. பதிவு இருந்தது. இரவு 8.40க்கு ஒருவர் பின்கதவு வழியாக வருகிறார், இரண்டு நடையில் எடுத்துக்கொண்டு போகிறார். யார் என்றுதான் தெரியவில்லை. முகத்தைப் பெரிதாக்கினால் பத்துப் பன்னிரண்டு சாம்பல் கட்டங்கள், அவ்வளவுதான். அந்தக் கட்டங்களை வைத்துக்கொண்டு, கூட வேலை செய்கிற ஒருவரைச் சந்தேகப்பட மனம் வரவில்லை. அப்போதே முடிவு செய்தேன்: இனி போடுகிற கேமரா எது என்றாலும், அதனிடம் நான் என்ன கேட்கப்போகிறேன் என்பதைத் தீர்மானித்த பிறகுதான் சுவரில் துளை.

பழைய கேமராவில் என்ன தப்பு என்று முதலில் பார்த்தேன். அது 2 மெகாபிக்சல், அகலமான 2.8 மில்லிமீட்டர் லென்ஸ். முற்றம் முழுவதும் தெரிய வேண்டும் என்று மூலையில் உயரமாக மாட்டியிருந்தார்கள். பின்கதவு அங்கிருந்து பத்து மீட்டர். அந்தத் தூரத்தில் படம் ஏறக்குறைய 25 மீட்டர் அகலத்தை அள்ளிக்கொள்கிறது. 1920 பிக்சலை 25 மீட்டருக்குப் பங்கு போட்டால் மீட்டருக்கு 77. மனித முகம் சுமார் 16 சென்டிமீட்டர் அகலம். அதன் பங்குக்கு வருவது 12 பிக்சல். நான் பார்த்த கட்டங்கள் அவைதான்.

இதற்கென்றே ஓர் அளவுகோல் இருப்பது அப்புறம்தான் தெரிந்தது. 2014இல் வந்த ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரத்தில், முன்பின் தெரியாதவரைச் சந்தேகமில்லாமல் அடையாளம் காட்ட மீட்டருக்கு 250 பிக்சல், ஏற்கெனவே தெரிந்தவரை இன்னார் என்று சொல்ல 125, உடை, நடையைக் கவனிக்க 62, ஆள் இருக்கிறாரா இல்லையா என்று மட்டும் பார்க்க 25 என்று வகுத்திருந்தார்கள். படத்தின் பிக்சல் அகலத்தை, அந்த இடத்தில் லென்ஸ் பிடிக்கும் அகலத்தால் வகுத்தால் போதும். என்னைக் கேட்டால், கடைக்காரர் சொல்லும் மெகாபிக்சல் கணக்கைவிட இந்த ஒரு வகுத்தல்தான் முக்கியம்.

பெரிய தாளில் கட்டடத்தின் வரைபடத்தைப் போட்டேன். கேமரா வர வேண்டிய இடங்களில் சிவப்பு மையால் ஒரு கேள்வி. முன்வாசல்: வருபவரின் முகம் தெரிய வேண்டும். கல்லாப்பெட்டி: கையும் பணமும் தெரிந்தால் போதும். மெஷின் ஹால்: யாருக்காவது அடிபட்டால் என்ன நடந்தது என்று தெரிய வேண்டும், அங்கே அகலமான லென்ஸே சரி. பேப்பர் ஸ்டோர், பின்கதவு, வண்டி நிறுத்தும் இடம். எட்டு கேமரா என்று ஆரம்பித்தது கேள்விகளை எழுதிய பிறகு ஆறாகக் குறைந்தது.

ஆறையும் மொத்தமாக வாங்கவில்லை. இதை அழுத்திச் சொல்வேன்: முதலில் ஒன்றே ஒன்று வாங்குங்கள். 4 மெகாபிக்சல் கேமரா ஒன்றை நீளமான மரச்சட்டத்தில் கட்டி, ஒவ்வோர் இடத்திலும் பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். பைண்டிங் பிரிவுத் தம்பி கதவு வழியாகப் பத்துத் தடவையாவது உள்ளே நடந்து வந்திருப்பார்.

அந்த இரண்டு நாளில் கற்றுக்கொண்டது நிறைய. முன்வாசலில் காலை வெயில் ஆளின் முதுகுக்குப் பின்னால் அடிக்கிறது. முகம் கரியாக விழுந்தது. அதிக வெளிச்சத்தையும் நிழலையும் ஒரே படத்தில் சமன்செய்து காட்டும் டபிள்யூடிஆர் வசதியை இயக்கி, கேமராவையும் 2.4 மீட்டருக்கு இறக்கிய பிறகுதான் கண்ணும் மூக்கும் தெரிந்தன. உயரத்தில் மாட்டினால் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் தொப்பியும் உச்சந்தலையும்தான் பதிவாகும்.

பின்கதவுக்கு 6 மில்லிமீட்டர் லென்ஸ். பத்து மீட்டரில் அது பிடிக்கும் அகலம் பத்து மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 2560 பிக்சலை வகுத்தால் 250ஐத் தாண்டிவிடுகிறது. பகலில் அருமையாக இருந்தது. இரவில் தம்பி வேகமாக நடந்தபோது முகம் ஈரத்துணியால் துடைத்த எழுத்து மாதிரி இழுபட்டுவிட்டது. வெளிச்சம் போதாதபோது கேமரா ஷட்டரைத் தானாகவே மெதுவாக்கிக்கொள்கிறது, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் ஒளியை அதிக நேரம் உள்ளே விடுகிறது. பிக்சல் எவ்வளவு இருந்தாலும் ஓடுகிற முகம் நிற்காது. ஷட்டர் 1/60 வினாடிக்கு மேல் திறந்திருக்காதபடி நிலைப்படுத்தினேன். படம் இருண்டது. கதவுக்கு மேல் ஒரு எல்இடி விளக்கைப் போட்டேன், சரியாகிவிட்டது. எல்லாச் சாமானிலும் அதிகப் பலன் தந்தது அந்த விளக்குதான்.

வயர் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. பேட்டரியில் ஓடாத வைஃபை கேமராவுக்கும் மின்சாரத்துக்கு ஒரு வயர் இழுக்கத்தான் வேண்டும்; அப்படியென்றால் மின்சாரமும் படமும் ஒரே கேபிளில் போகும் பிஓஇ முறையே மேல். ஒரு கேபிள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. முழுச் செம்புக் கேபிள்தான் வேண்டும். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியதும் சந்தையில் உண்டு. கம்பியை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். மெஷின் மோட்டார்களுக்குப் போகும் மின்வயர்களை ஒட்டிப் போகாமல் தனி பைப்பில் கொண்டுபோனோம். இரண்டு முனையிலும் எண் ஒட்டினோம்.

பிஓஇ ஸ்விட்ச் என்பது எல்லாக் கேமரா கேபிளும் வந்து சேரும், அவற்றுக்கு மின்சாரமும் தரும் பெட்டி. அதை வாங்கும்போது எத்தனை போர்ட் (கேபிள் செருகும் துளை) என்பதோடு மொத்தம் எத்தனை வாட் தரும் என்றும் பாருங்கள். எங்கள் கேமராக்களுக்கு இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது 9 வாட் வரை தேவை, ஆறுக்கு 54. 60 வாட் ஸ்விட்ச் மூச்சு முட்டும் என்று 120 வாட் எடுத்தேன். அப்படியும் ஸ்டோர் கேமரா மட்டும் இருட்டியதும் அணைந்து அணைந்து எரிந்தது. கேமராவை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன், அப்படியேதான். கடைசியில் பார்த்தால் நான் கிரிம்ப் செய்த, அதாவது பிளக்கை அழுத்தி மாட்டிய முனையில் ஒரு கம்பி பிளக்கின் உலோக முள் வரை போய்ச் சேரவேயில்லை. பகலின் குறைந்த மின்சாரத்துக்கு மற்றக் கம்பிகள் தாங்கின, இரவில் தாங்கவில்லை. முனையை வெட்டிப் புதிதாகப் போட ஐந்து நிமிடம். கண்டுபிடிக்க மூன்று நாள்.

ஹார்ட் டிஸ்க் கணக்கு சுலபம். ஒரு கேமரா வினாடிக்கு 4 மெகாபிட் என்றால் நாளுக்கு 43 ஜிபி. ஆறுக்கு 259 ஜிபி. முப்பது நாளுக்கு 7.8 டிபி. இருபத்துநான்கு மணி நேரமும் எழுதுவதற்கென்று செய்த 8 டிபி டிஸ்க் ஒன்று போட்டேன். அசைவு இருந்தால் மட்டும் பதிவு என்று வைத்தால் இடம் மிச்சம்தான். ஆனால் நமக்கு வேண்டிய அந்த ஒரு நிமிடத்தைக் கேமரா அசைவென்று எடுத்துக்கொள்ளாமல் விட்டால்? இரவு பகலாகத் தொடர் பதிவே வைத்திருக்கிறேன்.

ரெக்கார்டரைக் காற்றோட்டமுள்ள அலமாரியில் வைத்துப் பூட்டினோம். அதற்கும் ஸ்விட்சுக்கும் சேர்த்து ஒரு யுபிஎஸ். கைபேசியில் பார்ப்பதற்காக ரவுட்டரில் போர்ட்டை, அதாவது இணையத்திலிருந்து நேரே உள்ளே வரும் வழியை, திறந்து விடாதீர்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லையே மாற்றாத கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் கூட்டம் கூட்டமாகக் கைப்பற்றியது. நாங்கள் கேமராக்களைத் தனி நெட்வொர்க்கில் பிரித்து, வெளியிலிருந்து விபிஎன் என்ற பூட்டிய தனிப்பாதை வழியாக மட்டும் பார்க்கிறோம்.

வேலை செய்பவர்களிடம் வரைபடத்தைக் காட்டியதுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது. பைண்டிங் அக்கா சிவப்புக் கோடுகளை விரலால் தொடர்ந்துகொண்டே வந்து, ஸ்டோர் மூலையில் நிறுத்தினார். "தம்பி, நாங்க சாப்பிடறது இங்கதானே, அதுவும் தெரியுமா?" தெரியும்தான். நான் யோசிக்கவே இல்லை. அந்த மூலையைக் கேமரா அமைப்பிலேயே கறுப்புக் கட்டத்தால் மறைத்து, அதை அவருக்குத் திரையில் காட்டினேன். ஒலிப்பதிவை எல்லாக் கேமராவிலும் நிறுத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னலையும் மறைத்தேன். வாசலில் அறிவிப்பு ஒட்டினேன். இதில் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். துளை போடும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்த அன்று, காணாமல் போன சம்பவம் ஒன்றை நாங்களே நடத்திப் பார்த்தோம். தம்பி ஒரு ரீமைத் தூக்கிக்கொண்டு பின்கதவு வழியாகப் போனார். நான் பதிவைத் தேடி, பென்டிரைவில் எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் போட்டேன். திறக்கவில்லை, ரெக்கார்டரின் சொந்த வடிவத்தில் சேமித்திருந்தது. எம்பி4 என்று மாற்றி எடுத்த பிறகு ஓடியது. முகம் தெளிவாக இருந்தது, மணி மட்டும் பதினொரு நிமிடம் பின்தங்கியிருந்தது. நேரத்தை இணையத்திலிருந்து தானாகச் சரிசெய்யும்படி வைத்தோம்.

இப்போது மாதத்தின் முதல் திங்கட்கிழமை, இருபத்தைந்து நாள் பழைய பதிவு ஒன்றை எடுத்து ஓட்டிப் பார்ப்பது தம்பியின் பொறுப்பு. போன மாதம் வண்டி நிறுத்தும் இடத்துக் கேமராவில் சிலந்தி வலை பின்னியிருந்தது. இரவில் அகச்சிவப்பு ஒளி பட்டுப் படம் முழுக்க வெள்ளை நூலாகத் தெரிந்தது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அவரே ஏறிச் சுத்தம் செய்துவிட்டார்.