சாது சுந்தர் சிங் படத்தை மாஸ்டர்ஜியிடம் காட்டினேன்

திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குச் சாது சுந்தர் சிங்கை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியச் சாதுவின் கோலத்திலேயே கிறிஸ்துவைப் பிரசங்கித்தவர். நீண்ட காவி அங்கி, தோளில் துண்டு, தலைப்பாகை, தாடி, வெறுங்கால். 1918-இல் அவர் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து பிரசங்கம் செய்தார். பார்த்தவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல, பிள்ளைகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல, படம் வீட்டுச் சுவரிலேயே தங்கிவிட்டது. இயேசு நம் நாட்டில் பிறந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பார் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான்.

ஆனால் அவர் பிறந்தது லூதியானா மாவட்டத்து ராம்பூரில், 1889-இல், ஒரு சீக்கியக் குடும்பத்தில். நாம் இத்தனை பிரியமாக வைத்திருக்கும் படத்தை ஒரு சீக்கியர் எப்படிப் பார்ப்பார்? பஞ்சாபுக்குப் புறப்படும்போதே இது மனதில் இருந்தது. படத்தின் சிறு பிரதி ஒன்றையும் பையில் வைத்துக்கொண்டேன்.

அமிர்தசரஸில் எனக்குத் துணை, என்னுடன் வேலை பார்க்கும் நண்பரின் மாமனார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். தெருவில் எல்லோரும் மாஸ்டர்ஜி என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை 'பேட்டா' என்றார். பேச்செல்லாம் இந்தியில்.

விடியுமுன் தர்பார் சாஹிபுக்கு, அதாவது பொற்கோவிலுக்குப் போனோம். செருப்பைக் கொடுத்துவிட்டு, தலையைத் துணியால் மூடி, வாசலில் ஓடும் தண்ணீரில் கால் நனைத்து உள்ளே போக வேண்டும். குளத்தின் நடுவே இருக்கும் சந்நிதியான ஹர்மந்திர் சாஹிப் உயரத்தில் இல்லை, நாம்தான் படியிறங்கிப் போகிறோம். நாலு திசைக்கும் நாலு கதவு. உள்ளே வணங்க ஒரு படம்கூடக் கிடையாது. விதானத்தின் கீழே சீக்கியரின் வேதமான குரு கிரந்த் சாஹிப், பக்கத்தில் கீர்த்தனை பாடுகிறவர்கள், அவ்வளவுதான். வீட்டில் குருநானக் படம் மாட்டியிருப்பவர்கள்கூட வணங்குவது கிரந்தத்தை மட்டும்தான் என்றார் மாஸ்டர்ஜி. சி.எஸ்.ஐ. கோவிலில் வளர்ந்த எனக்கு, சுரூபம் இல்லாத அந்தச் சந்நிதியில் ஒரு சொந்தம் தெரிந்தது.

குளக்கரைப் பளிங்கில் உட்கார்ந்து படத்தை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். முதல் கேள்வி, நான் எதிர்பார்க்காத கேள்வி: "கேசத்தை வெட்டினாரா?"

சீக்கியர்கள் வெட்டாமல் காக்கும் முடி அது. வெட்டினார். 1905-இல், கிறிஸ்துவைப் பின்பற்ற முடிவு செய்தபின், குடும்ப வழக்கத்தை முறித்துக்கொண்டதன் அடையாளமாக. அந்த வருஷம் செப்டம்பரில் சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்றார். அதைச் சொன்னேன்.

"அப்படியென்றால் உங்களுக்கு இந்தத் தலைப்பாகை பஞ்சாபின் அடையாளம். எங்களுக்கு அதற்குள் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம்" என்றார். கோபம் இல்லை. ஆனால் அந்த வீட்டுத் தகப்பனாருக்கு எப்படி இருந்திருக்கும் என்று முதல்முறையாக யோசித்தேன். நம் பக்கத்தில் சொல்லும் சாட்சிக் கதைகளில் அவர் எதிர்த்தவராக மட்டும்தான் வருவார்.

அப்புறம் காவி. நாம் அதை 'இந்திய உடை' என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம். மாஸ்டர்ஜிக்கு அது சந்நியாசியின் உடை, தன் குரு கழற்றி வைத்த உடை. குருநானக் நெடும் பயணங்கள் முடிந்து கர்த்தார்பூரில் குடியமர்ந்து வயலில் உழுதார், இல்லறத்தான் உடையை உடுத்தினார். படாலாவுக்குப் பக்கத்தில் அச்சலில் யோகிகள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். துறவுக் கோலத்தைக் கலைத்து ஏன் மறுபடி குடும்பி ஆனாய் என்று கேட்டார்கள். வீட்டைத் துறந்துவிட்டு அதே வீட்டு வாசலில் போய் நீங்கள் பிச்சை கேட்கிறீர்களே என்று குரு திருப்பிக் கேட்டதாகச் சீக்கியக் கவிஞர் பாயி குர்தாஸ் பாடியிருக்கிறார்.

"அப்படியென்றால் இந்தக் காவி இவருக்கு எங்கிருந்து வந்தது?"

தாயிடமிருந்து என்றேன். பக்தியுள்ள அம்மா. நீயும் ஒரு சாதுவாக வேண்டும் என்று சின்ன வயதிலேயே சொல்லி வளர்த்தவர். மகனுக்குப் பதினாலு வயதாகும்போது போய்ச் சேர்ந்துவிட்டார். என்னைக் கிறிஸ்தவனாக்கியது பரிசுத்த ஆவி, சாதுவாக்கியது என் தாய் என்று சுந்தர் சிங்கே சொல்லியிருக்கிறார். மாஸ்டர்ஜி மறுபடி படத்தை வாங்கிப் பார்த்தார். "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. அம்மா சொன்னதைச் செய்திருக்கிறான்." அதுவரை 'இவர்' என்றவர், அதற்கப்புறம் சுந்தர் சிங்கை வீட்டுப் பையனைப் பற்றிப் பேசுவது மாதிரியே பேசினார்.

ஆனால் மிஷனரிகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது குரல் மாறியது. நாங்கள் உள்ளே வந்த வாசலுக்கு இன்றும் கண்டா கர், அதாவது மணிக்கூண்டு என்றுதான் பெயர். ஆங்கிலேயர் 1849-இல் பஞ்சாபைப் பிடித்தபின், 1862-இல் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அந்த இடத்தில் ஒரு மணிக்கூண்டு கட்டினார்கள். சிவப்புச் செங்கல், கூரிய வளைவுகள், பார்த்தால் அசல் தேவாலயக் கோபுரம். 1940-களின் நடுவில்தான் அதை இடித்தார்கள். மணி பார்க்கத்தான் கட்டினோம் என்று கட்டினவர்கள் சொல்லலாம். ஆனால் பஞ்சாபின் கடைசி மகாராஜாவான சிறுவன் துலீப் சிங்கின் ராஜ்யத்தை எடுத்துக்கொண்டு, 1853-இல் அவனுக்கு ஞானஸ்நானமும் கொடுத்த பிறகு, அந்தக் கோபுரத்தை வேறெப்படி வாசிப்பது? 1873-இல் இதே ஊர் மிஷன் பள்ளியில் நாலு சீக்கிய மாணவர்கள் மதம் மாறப்போவதாக அறிவித்தபோது ஊரே கொதித்தது. சீக்கியச் சீர்திருத்த இயக்கமான சிங் சபை பிறந்தது அந்தச் சூட்டில்தான். துலீப் சிங்கும் 1886-இல் ஏடனில் சீக்கியத்துக்குத் திரும்பினார்.

லூதியானாவில் மிஷனரிகள் அச்சகம் வைத்து குர்முகி எழுத்தில் புத்தகம் போட்டதையும், 1854-இல் பஞ்சாபி அகராதி கொண்டுவந்ததையும் மாஸ்டர்ஜியே சொன்னார். ஆசிரியர் அல்லவா, அந்த நன்றியை விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கோ அந்தக் கோபுரம் மனதை விட்டுப் போகவில்லை. நாம் அன்பின் சின்னமாக நீட்டுவது, எதிரில் இருப்பவருக்கு அதிகாரத்தின் சின்னமாகத் தெரியும் என்றால், அதைத் தெரிந்துகொள்ள வேண்டியது நம் கடமை.

அந்த வாசலுக்கு மேலேதான் மத்திய சீக்கிய அருங்காட்சியகம், 1958-இல் தொடங்கியது. அங்கே தியாகிகளின் படங்களுக்கு முன்னால் நிறைய நேரம் நின்றோம். பாயி மதி தாஸை இரண்டு பலகைகளுக்கு நடுவே கட்டி ரம்பத்தால் அறுக்கிறார்கள். பாயி தயாளாவைக் கொதிக்கும் கொப்பரையில் இறக்குகிறார்கள். இரண்டும் 1675-இல், அவர்களுடைய குருவான ஒன்பதாம் குரு தேக் பகதூரின் தலையை டெல்லியில் வாங்குமுன் நடந்தவை. ஐந்தாம் குரு அர்ஜனைப் பழுக்கக் காய்ந்த இரும்புத் தட்டில் உட்காரவைத்தது 1606-இல், லாகூரில். நான் ரம்பத்தைப் பார்த்தேன். "முகத்தைப் பார் பேட்டா" என்றார் மாஸ்டர்ஜி. எல்லாப் படத்திலும் முகம் நிமிர்ந்தே இருந்தது. கண்ணில் கலக்கம் இல்லை. இதைச் சர்தி கலா என்கிறார்கள், எந்த நிலையிலும் தாழாத மனம்.

அதனால்தான் தலை சாய்ந்து, விலாவில் ரத்தம் வடியும் சிலுவைப் படம் அவருக்குப் புரிந்ததே இல்லையாம். ஏன் தோற்ற நேரத்தைப் போய் மாட்டி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். எங்கள் சபைகளில் சிலுவை வெறுமையாகத்தான் இருக்கும், அவர் உயிர்த்தெழுந்துவிட்டார் என்பதற்காக என்றேன். கெத்செமனேயில் இயேசு ஜெபித்ததையும் சொன்னேன்: "என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது." அவர் உடனே குரு அர்ஜனின் வரியைச் சொன்னார்: "தேரா கீயா மீட்டா லாகே." நீ செய்வது எதுவும் எனக்கு இனிப்பே. குருவின் தியாக நாளில், ஜூன் வெயிலில், போகிற வருகிறவர்களுக்கெல்லாம் இனிப்புத் தண்ணீர் கொடுப்பார்களாம்.

இதுவரை சேர்ந்தே வந்தோம். இதற்கு மேல் முடியவில்லை. இயேசு நம் பாவங்களுக்காக மரித்தார் என்றேன். குரு தன் உயிரைக் கொடுத்து வழி காட்டினார், என் கணக்கை நான்தான் தீர்க்க வேண்டும் என்றார் அவர். நல்ல மேய்ப்பன் ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமக்கும் படமும் அவருக்கு அந்நியம்தான். அவருடைய குரு கோவிந்த் சிங் 1699 வைசாகித் திருநாளில் சீடர்களின் தலையையல்லவா கேட்டார்! என் விசுவாசம் முழுக்க நிற்பது அந்தத் தோளின் மேல். அதை மழுப்பிச் சொல்ல எனக்கு மனமில்லை, அவரும் மழுப்பவில்லை.

கடா பிரசாதத்தை இரு கையையும் குவித்து வாங்கினேன். சுடச்சுடக் கோதுமை அல்வா, விரல் இடுக்கெல்லாம் நெய். திருவிருந்தில் அப்பம் வாங்கவும் நாங்கள் இப்படித்தான் கை ஏந்துவோம் என்று காட்டினேன்.

"நான் வந்தால் கொடுப்பார்களா?"

ஞானஸ்நானம் பெற்றுத் திடப்படுத்தப்பட்டவர்களுக்குத்தான் என்று சொல்வதற்குள் எனக்குத் தொண்டை அடைத்தது. அவர்தான் என்னைத் தேற்றினார். "அப்படியானால் அது எங்கள் தீட்சை அமிர்தம் மாதிரி. அதுவும் எல்லோருக்கும் கிடையாது, கட்டுப்படத் தயாரானவர்களுக்குத்தான். பிரசாதமும் லங்கர் சாப்பாடும்தான் எல்லோருக்கும். உங்களிடம் லங்கருக்குச் சமமாக என்ன இருக்கிறது?"

இருக்கிறது, அசனம். லங்கரில் தரையில் வரிசையாக உட்கார்ந்து, ரொட்டியை இரு கையாலும் வாங்கிக்கொண்டே அவருக்குச் சொன்னேன். எங்கள் பக்கத்துக் கோவில் பண்டிகைகளில் ஊரே கூடிக் காய் நறுக்கும், பெரிய அண்டாக்களில் சோறு வேகும், எந்தச் சாமி கும்பிடுகிறவர்களும் வந்து உட்கார்ந்து சாப்பிடலாம். காய் நறுக்க வெளி ஆளைச் சேர்ப்பார்களா என்று கேட்டார். தாராளமாக என்றேன். எந்த மாதம், எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்று கேட்டு, சட்டைப்பையில் இருந்த துண்டுச் சீட்டில் குர்முகியில் எழுதிக்கொண்டார்.